மாத்திரைக்கு எட்டாத செல்



எச்.ஐ.வி. என்ற பெயர் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி செல்லப்பன் நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வேலூர் சி.எம்.சி.யில் அவற்றைச் சோதித்தபோதுதான் இந்தியாவில் இந்தக் கிருமி இருப்பதே தெரியவந்தது. அது எப்படித் தொற்றும் என்பதை அதன் பிறகு சுவர் சுவராக எழுதியாயிற்று. உடம்புக்குள் போன பிறகு எந்தச் செல்லில் என்ன செய்கிறது என்று மேடையில் பேசியவர்கள் குறைவு. மாத்திரையை ஏன் நிறுத்தக் கூடாது என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

கண்ட செல்லுக்குள்ளும் இந்தக் கிருமியால் நுழைய முடியாது. செல்லின் மேற்பரப்பில் சிடி4 என்ற புரதம் வேண்டும். இது 1984-இலேயே தெரிந்துவிட்டது. ஆனால் மனித சிடி4-ஐ எலியின் செல்லில் பொருத்திப் பார்த்தார்கள். கிருமி உள்ளே போகவில்லை. இன்னொரு பிடி தேவை என்ற சந்தேகம் 1996-இல் தீர்ந்தது. சிசிஆர்5, சிஎக்ஸ்சிஆர்4 என்ற இரண்டு புரதங்கள் அகப்பட்டன. கிருமி முதலில் சிடி4-ஐப் பற்றுகிறது, பற்றியதும் உருமாறி இரண்டாவதைப் பிடிக்கிறது, பிறகு அதன் உறையும் செல்லின் சவ்வும் ஒன்றாகிவிடுகின்றன.

புதிதாகத் தொற்றும் கிருமி பெரும்பாலும் சிசிஆர்5-ஐத்தான் தேடும். குடல் சுவரில் இருக்கும் டி செல்கள் என்ற வெள்ளணுக்களில் அது ஏராளம். அதனால், சாதாரணக் காய்ச்சல் என்று ஒருவர் கஷாயம் குடித்துக்கொண்டிருக்கும் முதல் சில வாரங்களிலேயே குடலில் பேரழிவு நடந்து முடிந்துவிடுகிறது. இந்தியாவில் மிகுதியாக உள்ள 'சி' வகைக் கிருமியும் பெரும்பாலும் இந்தச் சிசிஆர்5 வழியே போவதுதான்.

அந்தப் புரதமே இல்லாதவர்களும் உண்டு. வட ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்குத் தாய், தந்தை இருவர் வழியிலும் குறையுள்ள சிசிஆர்5 மரபணு வந்திருக்கும். அவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றுவது மிக அரிது. ரத்தப் புற்றுநோயும் எச்.ஐ.வி.யும் இருந்த திமோத்தி ரே பிரவுனுக்கு, 2007-இல் பெர்லினில் டாக்டர் கெரோ ஹ்யூட்டர் அப்படிப்பட்ட ஒருவரின் குருத்தணுக்களைத் தேடிப் பிடித்துச் செலுத்தினார். எச்.ஐ.வி. திரும்பவே இல்லை. 2020-இல் பிரவுன் இறந்தது புற்றுநோயால். ஆனால் அந்தச் சிகிச்சையே உயிரைப் பறிக்கக்கூடியது, எல்லோருக்கும் செய்யத்தக்கதல்ல.

எல்லாச் செல்லும் ஒரே மாதிரி பலியாவதில்லை. கிருமியைப் பெருக்கும் டி செல் ஓரிரு நாளில் சாகிறது. மேக்ரோபேஜ் என்ற காவல் செல் அவ்வளவு சீக்கிரம் சாகாது. கிருமியைத் தன் உள்ளறைகளில் வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் வெளியே விடும். டென்ட்ரிட்டிக் செல் என்ற இன்னொரு காவல் செல்லுக்குள் எச்.ஐ.வி. எளிதில் பெருகுவதில்லை, சாம்எச்டி1 என்ற புரதம் தடுக்கிறது. ஆனாலும் ஒட்டிய கிருமியை நிணநீர்க் கணு வரை சுமந்து போய் டி செல்லிடம் சேர்த்துவிடுகிறது. காவலுக்கு இருந்ததே கிருமிக்கு வாகனமாகிவிடுகிறது!

இவை எல்லாவற்றையும்விட அஞ்ச வேண்டியது, சாகாமல் தூங்கும் செல்லைத்தான். தொற்றுக்குள்ளான டி செல்களில் சில ஓய்வு நிலைக்குத் திரும்பிவிடும். கிருமியின் மரபணு அந்தச் செல்லின் மரபணுவோடு பின்னிக் கிடக்கும். புதிய கிருமி எதுவும் உருவாகாது. ஆகவே மருந்துக்கும் வேலையில்லை, நோய் எதிர்ப்புச் சக்திக்கும் அடையாளம் தெரியாது. ஓய்வில் உள்ள 10 லட்சம் டி செல்லில் ஏறத்தாழ ஒன்றுதான் இப்படி. ஆனால் அந்தக் கூட்டம் பாதியாகக் குறையவே சுமார் 44 மாதம் ஆகிறது என்று ஆய்வாளர் ராபர்ட் சிலிசியானோவின் குழு கணக்கிட்டது. மாத்திரையால் மட்டும் முழுதும் ஒழிக்க 70 ஆண்டுக்கு மேலாகும். கோரையை மேலாக அறுத்தாலும் மண்ணுக்குள் கிழங்கு கிடப்பது போலத்தான் இது. மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் ரத்தத்தில் கிருமி மறுபடி தலைகாட்டும்.

இதை அறிந்த பிறகாவது அக்கம்பக்கத்தார் சற்று யோசிக்க வேண்டும். டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டு மாத்திரையை மறைத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். கல்யாண வீட்டில் நாலு பேர் பார்ப்பார்களே என்று அன்றைய மாத்திரையை விட்டுவிடுபவர்களும் இருக்கிறார்கள். ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடிக்கிறவரிடமிருந்து உடலுறவு வழியாக அது பரவாது. அவர் தயங்காமல் விழுங்கும்படி நடந்துகொள்ளுங்கள். மருந்து 2004 முதல் அரசு மையங்களில் இலவசம். பரிசோதனைக்கு நம்பிக்கை மையம் இருக்கிறது. விவரம் கேட்க 1097-ஐ அழையுங்கள்.