விலக்கிய பிறகு எதைக் கொண்டு கட்டுப்படுத்துவது?



ஓர் ஆசிரியரின் நினைவாக அவரிடம் படித்தவர்கள் நிறுவிய அறக்கட்டளை இது. குற்றமும் சமூகக் கட்டுப்பாடும் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். வெளிநாடுகளில் எழுதப்பட்ட நூல்களுக்குப் பிறகு வருகிறேன். முதலில் நம் வட எல்லையான நண்டலாறு.

காரைக்காலில் உரிமம் பெற்ற கடையில் பில் போட்டு வாங்கிய மது பாட்டில், நண்டலாற்றுச் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் வழக்குப் பொருளாகிவிடுகிறது. தெற்கே வாஞ்சூர் எல்லையிலும் இதே கதைதான். அந்தப் பக்கத்துத் தமிழக அரசு மதுவை வெறுக்கிறது என்றும் சொல்ல முடியாது. 1983-ல் அது தொடங்கிய டாஸ்மாக் நிறுவனம், 2003 முதல் சில்லறைக் கடைகளையும் தானே நடத்துகிறது. ஆகவே இங்கே குடிப்பது குற்றம் ஆகவில்லை. எந்த அரசுக்கு வரி போய்ச் சேர்ந்தது என்பதுதான் வழக்கு.

இந்த எல்லைக்கு வயது அதிகம். 1948-ல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தபோது காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1954 நவம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் போனார்கள், கோடு போகவில்லை. தமிழகத்தில் 1971-ல் மதுவிலக்கு தளர்ந்தது, 1974-ல் திரும்ப வந்தது, பிறகு மீண்டும் தளர்ந்தது. ஆற்றைத் தாண்டியவன் மேல் போடும் வழக்கும் அதோடு சேர்ந்து மாறிக்கொண்டே வந்தது. பாட்டிலுக்குள் இருந்தது மாறவில்லை.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர் 1963-ல் எழுதியதை இந்த ஆற்றங்கரையில் வைத்துத்தான் படிக்க வேண்டும். ஒரு செயல் பிறக்கும்போதே பிறழ்வாகப் பிறப்பதில்லை. விதியை வகுப்பவர்களும், அதை யார் மேல் ஏவுவது என்று முடிவு செய்பவர்களும் அதைப் பிறழ்வாக்குகிறார்கள் என்றார் அவர். பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் 1895-லேயே, குற்றமே இல்லாத சமூகம் எங்கும் கிடையாது, தண்டிக்கும்போதுதான் ஒரு சமூகம் தன் எல்லையைத் தனக்கே காட்டிக்கொள்கிறது என்று சொல்லியிருந்தார்.

ஆனால் பெக்கரை ஓர் அளவுக்கு மேல் இழுக்கக் கூடாது. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து மீனவர்கள் செத்தார்கள். அந்தச் சாவுகள் யாரோ ஒட்டிய பெயரால் வந்தவை அல்ல. விஷம் விற்றவன் எந்தக் கரையில் நின்றாலும் குற்றவாளிதான்.

மாணவர்களே, என் பேச்சின் மையத்துக்கு வருகிறேன். டிராவிஸ் ஹிர்ஷி என்ற அமெரிக்கக் குற்றவியலாளர் 1969-ல் கேள்வியையே திருப்பிப் போட்டார். சிலர் ஏன் குற்றம் செய்கிறார்கள் என்று கேட்காதீர்கள், பெரும்பாலோர் ஏன் செய்வதில்லை என்று கேளுங்கள் என்றார். நம் ஊரான இந்த மண்டபத்தூரிலிருந்து எல்லை கூப்பிடு தூரம். மீன்பாடு இல்லாத மாதங்களில் பாட்டில் பையைத் தூக்கிக்கொண்டு போனால் உடனே காசு. அப்படியிருந்தும் இந்த ஊர்ப் பிள்ளைகளில் பெரும்பாலோர் போவதில்லையே, ஏன்? சாவடியில் நிற்கும் காவலருக்குப் பயந்து மட்டுமா? அப்பாவின் பெயர் இருக்கிறது. படகில் பங்கு இருக்கிறது. தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டியிருக்கிறது. கோயில் திருவிழாவில் தலைக்கட்டு வரி கட்டும் குடும்பம் என்ற நிலை இருக்கிறது. இவற்றை இழக்க அவன் தயாராக இல்லை. ஹிர்ஷி சொன்ன பிணைப்பு இதுதான். நம் கடற்கரையில் அதை ஊர்க் கட்டுப்பாடு என்கிறோம்.

இந்தக் கட்டுப்பாட்டின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு நாகை, காரைக்கால் கரைகளில் நிவாரணத்தைப் பங்கிட்டதில் ஊர்ப் பஞ்சாயத்துகள் பெரும்பங்கு வகித்தன. கூடவே, பல ஊர்களில் ஆண் துணை இல்லாத பெண்களும், கரையில் கூலி வேலை செய்த தலித் குடும்பங்களும் அந்தப் பங்கீட்டில் விடுபட்டார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது. பஞ்சாயத்தில் உட்கார இடமில்லாதவர்களுக்குப் பட்டியலிலும் இடமில்லாமல் போயிற்று.

ஊர்ச் சொல்லின் வலிமையை அறியச் சுருக்குமடி வலைத் தகராறைப் பாருங்கள். தமிழக அரசு 2000-ல் அதைத் தடை செய்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், வாரம் இரண்டு நாள், நிபந்தனைகளோடு அனுமதித்தது. இந்த வலையை ஏற்கும் ஊரும் உண்டு, எதிர்க்கும் ஊரும் உண்டு. ஒரே வலையின் மேல் மூன்று சட்டங்கள் பேசுகின்றன. நடுக்கடலில் நிற்கும் மீனவன் எதற்குக் கட்டுப்படுவான்? அரசாணையைவிடத் தன் ஊர் சொன்ன சொல்லுக்குத்தான் அவன் முதலில் கட்டுப்படுவான். அந்தச் சொல்லுக்கு அவ்வளவு வலிமை இருப்பதால்தான், அதைப் பிரயோகிக்கும் முறை பற்றி நான் கவலைப்படுகிறேன்.

பஞ்சாயத்து விதித்த தண்டத்தைக் கட்டியவன் ஊருக்குள்தான் இருக்கிறான். ஊர் விலக்கு வேறு. விலக்கப்பட்டவன் கடலுக்குப் போகக் கூடாது, அவன் மீனை யாரும் வாங்கக் கூடாது, அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போகக் கூடாது. அவனைத் தவறு செய்யாமல் பிடித்து வைத்திருந்த ஒவ்வொரு பிணைப்பையும் ஊரே தன் கையால் அறுத்துவிடுகிறது. அதன்பின் அவன் இழக்க என்ன இருக்கிறது? எதைக் காட்டி அவனைக் கட்டுப்படுத்துவீர்கள்? தவறே செய்யாத அவன் மனைவியும் பிள்ளைகளும் அதே விலக்கில் கிடக்கிறார்கள். இது அநியாயம் என்று இந்த மேடையில் சொல்லாமல் போனால் நான் பேச வந்ததே வீண்.

அரசும் இதையே செய்திருக்கிறது, இன்னும் பெரிய அளவில். 1871-ல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கு வந்தது. பிறந்த சாதியே குற்றமாயிற்று. அந்தச் சட்டப்படி கைரேகை வைக்க மறுத்ததற்காக 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர்கள் 16 பேர், மாயக்காள் என்ற பெண் உட்பட, போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். ஆங்கிலேயரின் அந்தச் சட்டம் பிரெஞ்சுக் காரைக்காலில் செல்லாது. ஆற்றின் ஒரு கரையில் பிறவிக் குற்றவாளி, மறு கரையில் வெறும் மனிதன்! 1947-ல் சென்னையில் சட்டம் ஒழிந்தது. அடுத்த ஆண்டே வழக்கக் குற்றவாளிகள் சட்டம் என்று வேறொன்று வந்தது. குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் தமிழகத்தின் 1982-ம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலிலும் கள்ளச்சாராயம் விற்பவர் இருக்கிறார். நீதிமன்ற விசாரணை இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். வெளியே வருபவனை எந்தப் படகு ஏற்றிக்கொள்ளும்? சரக்கு கொடுத்தவன் மட்டும்தான் மறுநாளே வேலை தருவான்.

ஆஸ்திரேலியக் குற்றவியலாளர் ஜான் பிரெய்த்வைட் 1989-ல் வெட்கப்படுத்துவதை இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டினார். தவறைக் கண்டித்துவிட்டு ஆளைத் திரும்பச் சேர்த்துக்கொள்வது ஒன்று. ஆளையே கறையாக்கி வெளியே தள்ளுவது மற்றொன்று. முதலாவது குற்றத்தைக் குறைக்கும், இரண்டாவது வளர்க்கும் என்பது அவர் வாதம். முதல் வகையைச் செய்துகாட்டத் தோதான அமைப்பு நம் ஊர்ப் பஞ்சாயத்துதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மகாராஷ்டிரம் 2016-ல் சமூகப் புறக்கணிப்புக்கு எதிராகத் தனிச் சட்டமே நிறைவேற்றியது. மூன்று ஆண்டு வரை சிறை. அப்படியொரு சட்டம் நம் புதுச்சேரிச் சட்டமன்றத்திலும் வர வேண்டும். அதுவரை பஞ்சாயத்தார் முன் என் கோரிக்கைகள் இவை. தண்டனை விதிக்கும் நாளிலேயே அது எந்தத் தேதியோடு முடிகிறது என்று நோட்டில் எழுதிவிடுங்கள். ஒருவர் செய்ததற்கு அவர் வீட்டாரைத் தள்ளிவைக்காதீர்கள். பெண்களை உட்கார வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லுங்கள். பாட்டில் வழக்கில் சிறைக்குப் போய்த் திரும்பும் பையனை எந்தப் படகில் சேர்ப்பது என்பதை, அவன் வருவதற்கு முன்பே கூடிப் பேசி முடிவு செய்யுங்கள்.