முயலுக்கு வெயில் ஆகாது

கொடைக்கானல் மலையில், மன்னவனூரில், மத்திய அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா முயல்களையும் வளர்க்கிறார்கள். அந்தக் குளிர் முயலுக்குத் தோதானது. நம் கோவையில் சித்திரை வெயில் 38 டிகிரி வரை போகிறதே! 30 தாண்டினாலே முயல் திண்டாடும். அதற்கு நம்மைப் போல வியர்க்காது. உடம்புச் சூடு பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியேறும். தொட்டுப் பாருங்கள். காது சுட்டால் ஈரத்துணியால் மெல்லத் துடைத்துவிடுங்கள். பதறிப்போய் ஐஸ் தண்ணீரில் முக்கிவிடாதீர்கள், அதிர்ச்சியிலேயே உயிர் போய்விடலாம். மொட்டைமாடியில் தகரக் கூரைக்குக் கீழே கூண்டு வைப்பது பெரும் கொடுமை. வேப்ப மர நிழலுக்கு மாற்றுங்கள். தண்ணீர் பாட்டிலை உறையவைத்து, துணி சுற்றிக் கூண்டுக்குள் வைத்தால் ஒட்டிப் படுத்துக்கொள்ளும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.