பார்க்கும் கண்ணை யார் அளப்பது?



பத்தாம் ஆண்டு விழாவில் கவிதையை விடுத்து உளவியல் அளவுகோல் ஒன்றைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். மனிதரைப் பார்த்துச் சொல்லில் வைப்பது நம் பணி. அதையே எண்ணில் வைக்க முயன்றவர்களின் அனுபவம் நமக்கு அயலானதன்று.

‘சைக்கோபத்’ என்னும் சொல்லைத் திரைப்படங்கள் ‘சைக்கோ’ என்று சுருக்கி, மனநோயுற்றோர் அனைவர்மீதும் ஏற்றிவிட்டன. பெரும் பிழை அது. அமெரிக்க மனநல மருத்துவர் ஹெர்வி கிளெக்லி 1941இல் எழுதிய நூலில் வரும் மனிதர் சித்தம் கலங்கியவர் அல்லர். தெளிவாகப் பேசுவார், இனிமையாகப் பழகுவார், கழிவிரக்கமும் ஆழ்ந்த அன்பும் மட்டும் அவரிடம் இரா.

இத்தகையவரிடம் “நீங்கள் பொய் சொல்வதுண்டா?” என்று படிவத்தை நீட்டி என்ன பயன்? கனடாவில் சிறைக் கைதிகளை ஆராய்ந்த ராபர்ட் ஹேர், பயிற்சி பெற்ற பிறர் மதிப்பிடும் முறையை வகுத்தார். 1980இல் முதல் வடிவம் வந்தது. 1991இல் திருத்திய வடிவம். மேற்பூச்சான கவர்ச்சி, ஓயாத பொய், இரக்கமின்மை, தன் செயலுக்குப் பொறுப்பேற்காமை என இருபது கூறுகள். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. உச்சம் 40; வட அமெரிக்காவில் 30ஐத் தொட்டால் பொதுவாக அப்பெயர் விழுந்துவிடும். நேர்காணலோடு நில்லாமல் வழக்குக் கட்டுகளையும் படித்தே மதிப்பிட வேண்டும். பேச்சின் நயத்தில் மயங்குபவரைப் பழைய ஏடு தட்டி எழுப்பும் அல்லவா? ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தில் செயலையே உரைகல்லாக வைத்த வள்ளுவர் இம்முறையை மறுத்திருக்க மாட்டார்.

ஆனால், உரைப்பவர் கை நடுங்காதா? 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், நீதிமன்றங்களுக்குக் கருத்துரைக்கும் உளவியலாளரும் மனநல மருத்துவருமாக நூற்றுக்கு மேற்பட்டோரிடம் ஒரே வழக்குக் கட்டுகள் தரப்பட்டன. அரசுத் தரப்பே தம்மை அமர்த்தியது என்று சிலர் நம்பவைக்கப்பட்டனர். எதிர்த்தரப்பு என்று மற்றவர். ஏடு ஒன்றே, ஆயினும் அரசுத் தரப்பினர் இட்ட மதிப்பெண்கள் பொதுவில் உயர்ந்து நின்றன. அவர்கள் கூலிக்கு மாரடித்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். நேர்மையாகப் பார்த்தும் அப்படித்தான் தெரிந்தது என்பதே அஞ்சத்தக்கது. அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில், பாலியல் குற்றவாளியைத் தண்டனை முடிந்த பின்னும் அடைத்துவைக்கலாமா என்னும் விசாரணைகளில் இவ்வெண் சான்றாக வந்து நிற்கிறது.

ஆசிரியையாகிய என்னை உறுத்துவது இன்னொன்று. பால் ஃபிரிக்கும் ஹேரும் 2001இல் வெளியிட்ட சிறாருக்கான அளவுகோலைப் பெற்றோரும் ஆசிரியரும் நிரப்புகிறார்கள். தவறு செய்தால் வருந்துகிறானா, பிறர் மனத்தைப் பொருட்படுத்துகிறானா என்று அது வினவும். அங்கும் இருபது கூறுகள். அங்கும் 0, 1, 2. தலைகுனிந்து நிற்கும் பையனை ஓர் ஆசிரியர் ‘வருந்துகிறான்’ என்பார். அடுத்தவர் ‘அழுத்தக்காரன்’ என்பார். ஆசிரியர் அறையில் அமர்ந்த எவரும் இதைக் கேட்டிருப்பர். தாய் 0 இட்ட இடத்தில் வகுப்பாசிரியர் 2 இடவும் கூடும். அவ்வேளையில் இரண்டையும் கூட்டி வகுக்காமல், அவன் வீட்டில் என்ன செய்தான், வகுப்பில் என்ன செய்தான் என்று கேட்டு எழுத ஒருவர் வேண்டும்.