பாலர் பாடசாலைக்குச் செல்லும் பிள்ளை



விஜயதசமி நாளிலே பிள்ளையை மடியில் இருத்தி, அதன் விரலைப் பிடித்து அரிசியிலே எழுத்தெழுதுவிப்பதை ஏடு தொடக்குதல் என்கிறோம். எழுதும் விரல் பிள்ளையினுடையது. பற்றிய கை பெரியவருடையது. அந்தக் கையை எப்பொழுது, எவ்வாறு விடுவது என்பதே பிள்ளையைப் பாலர் பாடசாலைக்கு அனுப்பும் பெற்றோரின் முன்னுள்ள வினா.

ஜேர்மானியக் கல்வியாளராகிய பிறோபெல், 1837இல் தாம் தொடங்கிய நிலையத்துக்கு 1840இல் 'சிறுவர் தோட்டம்' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். 1907இல் உரோமாபுரியிலே குழந்தைகள் இல்லத்தை நிறுவிய மரியா மொன்ரிசோரி அம்மையார், பிள்ளை தன் காரியத்தைத் தானே செய்யப் பழகுதலைப் பெரிதும் வற்புறுத்தினார். ஆகவே, நெடுங்கணக்கை ஒப்புவிக்க இயலாத பிள்ளையைக் குறித்து வருந்த வேண்டுவதில்லை. கைகழுவவும், சப்பாத்தை மாட்டவும், உணவுப் பெட்டியைத் திறந்து தானே உண்ணவும், மலசலகூடம் செல்ல வேண்டுமென்பதை வாய்விட்டுச் சொல்லவும் பழகினாற் போதும். காலையில் ஐந்து நிமிடம் தாமதமாயினும், சட்டைப் பொத்தானைப் பிள்ளையே பூட்டட்டும்.

இவற்றினும் அரியது மனப்பழக்கம். மூன்று வயதுப் பிள்ளைக்குத் தாய் கண்ணுக்கு மறைவது பெருந் துயரம். அத்துயரத்தைப் பிடிவாதமென்று கடிந்து கொள்ளலாகாது. முதலில் ஒரு மணி நேரம் பேர்த்தியாருடனோ சிறிய தாயாருடனோ விட்டுச் சென்று, சொன்னபடி திரும்பி வாருங்கள். சென்றவர் மீள்வார் என்னும் உறுதி அவ்வாறுதான் உள்ளத்திற் பதியும். பாடசாலை தொடங்குமுன் ஒருநாள் அழைத்துச் சென்று, முற்றத்தையும் ஊஞ்சலையும் ஆசிரியையையும் காட்டுங்கள்.

இரண்டு தவறுகள் நம் வீடுகளிலே மலிந்துள்ளன. குறும்பு செய்யும் பிள்ளையை, "பள்ளிக்கூடம் போனால் தெரியும், ரீச்சர் அடிப்பார்" என்று அச்சுறுத்துவது ஒன்று. அவ்வாறு அச்சுறுத்திய இடத்துக்கே பின்னர் சிரித்துக்கொண்டு போகச் சொல்வது எங்ஙனம் பொருந்தும்? மற்றது, பிள்ளை விளையாட்டிலே மெய்மறந்திருக்கையில் சொல்லாமல் நழுவி விடுவது. அழுகை அன்றைக்குக் குறையலாம். ஆனால் மறுநாள் அப்பிள்ளை தாயின் சேலைத் தலைப்பை விடாது. விடைபெறுதல் சுருக்கமாகவும் வெளிப்படையாகவும் இருக்கட்டும். மணிக்கணக்கு அறியாத பிள்ளைக்குப் பதினொன்றரைக்கு வருவேன் என்பது விளங்காது. "சாப்பிட்டு, விளையாடி, கதை கேட்டு முடிய அம்மா வாசலில் நிற்பேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடியே நில்லுங்கள்.

முதல் வாரம் மகிழ்ந்து சென்ற பிள்ளை இரண்டாம் வாரத்திலே அழுவதுண்டு. இரவில் படுக்கையை நனைப்பதும் மடியை நாடுவதும் உண்டு. பெரும்பாலும் இவை சில வாரங்களிலே தணியும். நீடித்தால் ஆசிரியையுடனும் மருத்துவருடனும் கலந்து பேசுதல் நன்று.

மாலையிலே, "இன்று என்ன படித்தாய்?" என்று பரீட்சை நடத்தாதீர்கள். அருகில் இருந்தவர் யார், எதைக் கண்டு சிரித்தாய் என்று கேளுங்கள். தான் தனியே கண்ட உலகத்தைக் கேட்க வீட்டிலே ஒரு செவி உண்டென்று அறிந்த பிள்ளை, மறுநாளும் துணிந்து புறப்படும்.