கைக்காகக் கருவியா? கருவிக்காகக் கையா?



எதிரணித் தம்பி என்ன சொன்னார்? "எந்தக் கருவியா இருந்தாலும் கை பழகிக்கும், பழகாட்டி அவன் மேலதான் குற்றம்" என்றார். நடுவர் அவர்களே, போன கோடை விடுமுறையில் என் பேரன் வீடியோ கேம் கன்ட்ரோலரை என் கையில கொடுத்து, "தாத்தா, வாங்க விளையாடலாம்"னான். வாங்கிப் பார்க்கிறேன், முன்னால பட்டன், மேல பட்டன், நடுவுல ரெண்டு குச்சி! ரெண்டே நிமிஷம், என் ஆள் சுவத்துல முட்டிக்கிட்டு நிக்கிறான். (சிரிப்பு) நானும் தம்பி மாதிரி, தப்பு நம்ம கையிலதான்னு நினைச்சேன். அப்புறம் அதன் வரலாற்றைப் படித்தேன். அது வேறு கதை சொல்லுது ஐயா!

1982. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம். குன்பெய் யோகோய் என்கிற வடிவமைப்பாளர். மடக்கி மூடும் சின்ன விளையாட்டுக் கருவி அது. குச்சி நீட்டிக்கொண்டிருந்தால் எப்படி மூடுவது? கூட்டல் குறி மாதிரி தட்டையாக ஒரு பட்டன் வைத்தார். கட்டைவிரலை அதன்மேல் வைத்தால் போதும். எது மேல், எது கீழ் என்று விரலே சொல்லும். கண் திரையிலேயே இருக்கும்! 1983இல் ஃபேமிகாம் வந்தது. இடது கட்டைவிரலுக்கு அந்தக் கூட்டல் குறி, வலதுக்கு இரண்டு பட்டன். 1990இல் சூப்பர் ஃபேமிகாம். பட்டன்கள் கூடிப்போச்சு. எல்லாவற்றையும் கட்டைவிரல் தலையிலா கட்டினார்கள்? சும்மா இருந்த ஆள்காட்டி விரல்களுக்கு மேல்விளிம்பில் ஆளுக்கொரு பட்டன் கொடுத்தார்கள். கூட்டுக் குடும்பம் ஐயா! (கைதட்டல்)

2001இல் மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ். அதன் கன்ட்ரோலர் யானைக்குட்டி மாதிரி! பல பேர் கைக்கு அடங்கவில்லை. "கையை வளர்த்துக்கிட்டு வாங்க"ன்னா சொன்னான்? 2002இல் ஜப்பானுக்கென்று சிறிதாகச் செய்தான். பிறகு மற்ற நாடுகளுக்கும் அதையே கொடுத்தான். அவ்வளவு பெரிய கம்பெனியே கைக்கு முன்னால பணிந்தது!

தம்பி, ஒரே ஒரு கேள்வி. பழகு, பழகு என்கிறீர்களே, விரலே அசையாத பிள்ளை எதை வைத்துப் பழகுவான்? (அமைதி) 2018இல் அதே நிறுவனம் அடாப்டிவ் கன்ட்ரோலர் கொண்டுவந்தது. உள்ளங்கையால் அழுத்துகிற மாதிரி இரண்டு பெரிய பட்டன். பின்பக்கம் சுவிட்சு செருக 19 துளைகள். ஒரு சுவிட்சைக் காலால் அழுத்தலாம், ஒன்றை முழங்கையால், இன்னொன்றை முகவாயால். அந்தப் பிள்ளை விளையாடுகிறான் ஐயா! மாறியது யார்? பிள்ளையா, கருவியா? (பலத்த கைதட்டல்)

பழக்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆட்டத்தில் பழகட்டும். உள்ளே நுழையவே ஒரு பரீட்சை வைக்காதீர்கள் என்கிறேன்.

அன்னைக்கு என் பேரன் என்ன செஞ்சான் தெரியுமா? செட்டிங்ஸுக்குப் போய் என்னமோ மாத்தினான். "தாத்தா, தாண்டுறதுக்கு இனிமே இந்தப் பட்டன். உங்க விரல் அங்கதானே இருக்கு"ன்னான். என் ஆள் சுவரைத் தாண்டிட்டான்! (கைதட்டல்) எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த நியாயம் நடுவருக்கும் தெரியும். மனிதனுக்கேற்பக் கருவிதான் மாற வேண்டும் என்று கூறி விடைபெறுகிறேன்.