துவர்ப்பும் இரும்பும்

(ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



இன்று ஒரு ருசியைக் குறித்துப் பேச விரும்புகிறேன். அது துவர்ப்பு. கடுக்காயைக் கடித்தால் நாக்கை இழுத்துப் பிடிக்கிறதல்லவா? அதற்குக் காரணமான பொருளுக்கு டானின் என்று பெயர். புரதத்தோடு சேர்ந்து இறுகுவது அதன் குணம்.

யோப்பா பட்டணத்தில் பேதுரு தங்கியிருந்தது தோல் பதனிடுகிற சீமோன் என்பவருடைய வீட்டில் என்று வேதத்தில் வாசிக்கிறோம். பச்சைத் தோலை மரப்பட்டைச் சாற்றில் ஊறவைத்து, அழுகாமல் காப்பது பழங்காலத்துத் தொழில். புதுக்கோட்டைச் சீமையின் வறண்ட நிலங்களில் மஞ்சளாய்ப் பூத்து நிற்கிறதே ஆவாரை, அதன் பட்டைதான் தமிழ்நாட்டுத் தோல் தொழிலுக்குப் பேர்போனது. பிறகு குரோமிய உப்பு வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. நைலான் வருமுன் மீனவர் பருத்தி வலைகளையும் துவர்ப்புச் சாற்றில் தோய்த்தார்கள். செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புக் காரையில் கடுக்காய்த் தண்ணீர் சேர்த்தார்கள். இவை யாவும் நமக்குப் பிரயோஜனமானவையே.

ஆனால் டானினுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது இரும்பையும் பிடித்துக்கொள்ளும். கடுக்காயை இரும்புச் சட்டியில் ஊறவைத்தால் தண்ணீர் கறுத்துப் போகும். முற்காலத்தில் கறுப்பு மையும் சாயமும் இப்படித்தான் உண்டாயின.

தேநீரிலும் இந்த டானின் இருக்கிறது. கர்ப்பிணியான ஒரு சகோதரியை எண்ணிப் பாருங்கள். விடியற்காலையில் வேலைக்குப் புறப்படுகிறார். நர்ஸம்மா கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை மறவாமல் வாயில் போட்டு, சூடான டீயோடு விழுங்குகிறார். மாத்திரையிலுள்ள இரும்பில் ஒரு பங்கை டானின் பிடித்துக்கொள்ளும். அது இரத்தத்தில் சேராமலே வெளியேறும். மாதங்கள் போயும் இரத்தம் எதிர்பார்த்தபடி ஊறுவதில்லை. பிரசவத்தில் இரத்தப்போக்கு கண்டால், இரத்தசோகையுள்ள தாயின் உயிருக்கே ஆபத்து.

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் தேசத்துக் கர்ப்பிணிகளில் 100-க்கு 52 பேருக்கு இரத்தசோகை. குறைந்த ஆகாரம், குடற்புழு என்று காரணங்கள் பல; எல்லாப் பழியையும் டீயின்மேல் போடக் கூடாது. ஆனாலும் இந்த ஒன்றைச் செலவில்லாமல் சரிசெய்யலாம்.

டீயை விட்டுவிடச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் முன்னும் பின்னும் 1 மணி நேரமாவது டீ, காப்பி வேண்டாம். மாத்திரையைத் தண்ணீரோடோ எலுமிச்சைச் சாற்றோடோ விழுங்கட்டும். சாப்பாட்டோடு கொய்யாப்பழம் சேர்த்தால் இன்னும் நல்லது. அதிலுள்ள வைட்டமின் சி இரும்பை உடலில் சேர்க்க உதவும்.

உங்கள் காணிக்கையால் மாத்திரை வாங்கலாம். அது இரத்தமாய் மாற ஒரு நல்வார்த்தையும் வேண்டும். உங்கள் வீட்டிலும் தெருவிலும் உள்ள தாய்மாருக்கு இன்றே இதைச் சொல்லுங்கள்.