விடியும்வரை ஆடிய கூத்தை இன்று எப்படி ஆடுவது?

(யூபிலி விழாக் கலை மாலையில் ஆற்றிய உரை)



யூபிலிக்குத் தேவசகாயம்பிள்ளை நாட்டுக்கூத்தை மேடையேற்ற வேண்டும் என்கின்றனர் ஒரு சாரார். இரவு முழுவதும் கண்விழித்திருக்க இன்று யார் உளர் என்கின்றனர் மறுசாரார். இரு பகுதியாரும் கூத்தின்மேல் அன்புள்ளவர்களே.

கூத்தைச் சுருக்குவது மரபுக்குத் துரோகம் அன்று. மன்னார்ப் பகுதியில் இரண்டு இரவு ஆடும் நாடகத்தை ஓரிரவுக்குள் அடக்கி, ‘வாசகப்பா’ என்று எம் முன்னோரே ஆடினர். 1962இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’ கூத்தைச் சுருக்கி மேடையேற்றினார். கூத்தைப் படித்தவர்களும் மதிக்கத் தொடங்கியதற்கு அவருடைய முயற்சிகள் பெரிதும் காரணமாயின. ஆகவே, சுருக்கலாமா என்பதன்று கேள்வி. எதைச் சுருக்குவது என்பதே கேள்வி.

பழைய கூத்தில் கட்டியகாரன் வந்து அறிவிப்பான். மன்னன் களரியைச் சுற்றி ஆடித் தன் பெயரும் பெருமையும் பாடுவான். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இப்படி வரவு உண்டு. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், தூரத்தில் பாய் விரித்திருந்தவருக்கும் பிந்தி வந்தவருக்கும் கதை விளங்க இது உதவியது. இன்று வரவுகளைக் குறைக்கலாம். ஆனால் பிற்பாட்டைக் குறைக்க வேண்டாம். ஒருவர் பாட, பலர் ஏற்றுப் பாடுவதில்தான் கூத்து ஊருக்குச் சொந்தமாகிறது. பதிவுசெய்த நாடாவுக்கு வாயசைத்தால் எஞ்சுவது உடுப்பும் முடியுமே.

சுருக்குகிறவர்களுக்கு ஒரு சோதனை வரும். அரசசபைப் பகட்டையும் பகிடியையும் வைத்துக்கொண்டு, மெதுவாக நகரும் சிறைக்காட்சியை வெட்டத் தோன்றும். அங்கேதான் கூத்தின் உயிர் இருக்கிறது. நட்டாலத்தில் பிறந்து, 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற தேவசகாயம், எருமைமேல் ஏற்றி ஊரூராக இழிவுபடுத்தப்பட்டார். 1752 சனவரி 14ஆம் திகதி காற்றாடிமலையில் சுடப்பட்டு மரித்தார். அந்தப் பாடுகளை அவசரமாகக் கடந்தால், நாம் காட்டுவது திருவிதாங்கூர் அரண்மனையை மட்டுமே.

புதிதாய்ச் சேர்க்க வேண்டியதும் ஒன்றுண்டு. 2022 மே 15ஆம் திகதி திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அதற்கு முன்பே, சாதியைக் குறிக்கும் ‘பிள்ளை’ என்ற பட்டத்தை வத்திக்கான் அவர் பெயரிலிருந்து நீக்கிவிட்டது. சாதி பாராமல் எல்லோருடனும் பழகிய மனிதர் அவர். எமது கூத்தின் பெயரில் அந்தப் பட்டம் இன்னும் இருக்கிறது. இம்முறை ‘புனித தேவசகாயம்’ என்றே அறிவிப்போம். எல்லோரோடும் அவர் சமமாய் அமர்ந்ததை ஒரு காட்சியாக ஆடுவோம். இராசா வேடம் இன்ன குடும்பத்தாருக்கே என்ற எண்ணம் எங்காவது எஞ்சியிருந்தால், அதுவும் இத்தோடு போகட்டும். குரலும் தாளமும் உள்ள பிள்ளைக்கு வேடத்தைக் கொடுப்போம்.

மேடைக்கு இரண்டரை மணி நேரம் போதும். ஆனால் அண்ணாவியாரின் கொப்பியில் உள்ள முழுக்கூத்தையும் படியெடுத்து, மெட்டுகளை அவர் குரலிலேயே பதிவுசெய்து, பங்கில் பாதுகாக்க வேண்டும். நாம் விட்ட பாட்டை நாளைய தலைமுறை கேட்டால், எடுத்துக் கொடுக்க ஓர் இடம் இருக்க வேண்டும்.

புனித தேவசகாயம் எமக்காக மன்றாடுவாராக.